படியளந்த பெயர்கள்

பழைய தொழிற்பெயர் ஒன்று கண்ணில் பட்டால் அதை இரண்டாகப் பிரித்துப் பொருள் சொல்லிவிடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். குழி வெட்டுகிறவன் வெட்டியான், மடை திறக்கிறவன் மடையன் என்று எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கைவசம் இருக்கிறது. அந்த விளக்கத்தில் சிலர் பழம்பெருமையைக் காண்கிறார்கள், சிலர் இழிவைக் காண்கிறார்கள். இரு சாராரும் பார்ப்பது சொல்லை மட்டும்தான். தமிழ்நாட்டு ஊர்ப் பணியாளர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு கல்வெட்டையும் களக்கணக்கையும் சட்டப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அந்தத் தொழிலுக்கு ஊர் எவ்வளவு நெல் அளந்தது, யார் கையால் அளந்தது, எப்போது அளப்பதை நிறுத்தியது என்பதில்தான் அந்தப் பெயரின் பொருள் பெரும்பாலும் இருக்கிறது. வேர்ச்சொல் சொல்வது கொஞ்சம். பல இடங்களில் அது தவறான வழியையும் காட்டிவிடுகிறது.

மடையன் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். வெள்ளக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏரியில் மூழ்கி மடையைத் திறந்த தியாகியின் பெயர் பிற்காலத்தில் வசைச்சொல் ஆகிவிட்டது என்ற கதை இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க மனம் நெகிழும் கதை. சான்றுதான் அதற்குத் துணை நிற்கவில்லை. தமிழ் லெக்சிகன் மடையன் என்பதற்குச் சமையற்காரன் என்றும் அறிவில்லாதவன் என்றும் பொருள் தருகிறது. மடைப்பள்ளி, மடைநூல் ஆகிய சொற்களில் உள்ள மடை சோற்றைக் குறிக்கும் மடை. அறிவிலி என்ற பொருளுக்கு மடம், மடமை என்ற பழஞ்சொற்களே போதும். ஏரிக்கரைக்குப் போக வேண்டியதில்லை. மடை திறந்த மனிதருக்கு ஊர்களில் வழங்கிய பெயர்கள் வேறு: நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, கம்புகட்டி, தெற்கே மடைக்குடும்பன். வசைச்சொல்லுக்குப் பெருமை தேடப் போன கதை, உண்மையிலேயே பெருமைக்குரிய இந்தப் பெயர்களை மறக்கடித்துவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

நீர்ப்பாய்ச்சியின் வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய ஏரிகளில் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கிடையே குறுக்குக் கற்கள், அவற்றின் துளை வழியே கீழிறங்கும் கம்பு, கம்பின் அடியில் அடைப்பு. கீழே கல்தொட்டியில் இரண்டு வகைத் துளைகள்: மேலே நீரோடித்துளை, அடியில் சேறோடித்துளை. அடைப்பை எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு தண்ணீர் கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியாக வாய்க்காலுக்குப் போகும். கூடவே வண்டலும் வெளியேறும். இதற்குக் குமிழித்தூம்பு என்று பெயர். கம்பை எத்தனை விரல் உயர்த்தினால் எந்த வாய்க்கால் எவ்வளவு நேரத்தில் நிறையும், இருக்கிற தண்ணீர் எத்தனை நனைப்புக்கு வரும், மேல்மடை வயல் குடித்த பிறகு கடைமடைக்கு எப்போது முறை வரும் என்பதெல்லாம் அந்த ஒரு மனிதரின் கணக்கு. தண்ணீர் தட்டுப்படும் காலத்தில் நிலத்துக்காரர் தம் வயல் வாயைத் தாமே வெட்டிக்கொள்ள முடியாது. நீர்ப்பாய்ச்சிதான் வெட்ட வேண்டும், அவர்தான் அடைக்க வேண்டும். பல ஊர்களில் இந்தப் பொறுப்பு நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் இருந்தது. சொந்த வயல் இல்லாதவர் என்பதால் பாரபட்சம் காட்ட மாட்டார் என்று அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். கூலிக் கணக்கு இன்னொரு காரணத்தைக் காட்டுகிறது. அவருக்குரிய கூலி ஒவ்வொரு வயலின் அறுவடையிலிருந்தும் கதிர்க்கட்டாகவோ நெல்லாகவோ வந்தது. கடைமடை காய்ந்தால் அவர் பங்கும் காய்ந்தது. நீர் பாய்ச்சுபவர் என்ற நேர்ப்பொருளில் இந்த ஏற்பாட்டின் சுவடே இல்லை. அளந்த விதத்தைப் பார்த்தால்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் அதிகாரமும் ஒரு பொறுப்பும் இருந்தது புரிகிறது.

வெட்டியான் என்ற பெயர் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. இன்று அதைக் கேட்டால் சுடுகாடு மட்டுமே நினைவுக்கு வருகிறது. குழி வெட்டுவதோடு அதைச் சேர்த்துப் பொருள் கொள்கிறோம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளின் வரிப்பட்டியல்களில் வெட்டி என்ற சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. எச்சோறு, முட்டையாள், அமஞ்சி என்பவற்றோடு சேர்ந்து வரும் அந்தச் சொல், அரசுக்கோ ஊருக்கோ கூலியில்லாமல் செய்து தர வேண்டிய கட்டாய உழைப்பைக் குறித்தது. வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு, வெட்டியாய்த் திரிவது என்று இன்று நாம் பேசுவதில் இருப்பது அதே சொல்தான். பலன் தராத உழைப்பு என்ற பழைய பொருள் நம் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வட தமிழக மாவட்டங்களில் வெட்டியான் என்பவர் ஊரின் பொதுப்பணி ஆள். கச்சேரி உத்தரவை வீடு வீடாகச் சொல்வார். வசூலான வரிப்பணத்தைச் சுமந்து தாலுகா கச்சேரிக்குக் கொண்டுபோவார். களத்தைச் செதுக்கித் துப்புரவு செய்வார், ஏரிக்கரையைப் பார்த்துக்கொள்வார், சாவுச் செய்தி சொல்லப் போவார், பிணமும் எரிப்பார். கடைசி வேலை மட்டும் பெயரோடு ஒட்டி நின்றதற்குக் காரணம், மற்ற வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தபால்காரரும் சிப்பந்தியும் பொதுப்பணித் துறையும் எடுத்துக்கொண்டதுதான்.

தோட்டி என்ற பெயருக்கு நேர்ந்ததைக் காட்டும் சான்று அச்சிலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் விவகாரங்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 1812இல் வெளியிட்ட ஐந்தாவது அறிக்கை, தென்னாட்டு ஊர்களின் பணியாளர்களை வரிசையாகச் சொல்கிறது: ஊர்த்தலைவர், கர்ணம், தலையாரி, தோட்டி, எல்லைக்காவலர், ஏரி வாய்க்கால் மேற்பார்வையாளர், பள்ளி ஆசிரியர், சோதிடர், கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர் என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் தலையாரியின் வேலை குற்றங்களைப் பற்றித் தகவல் திரட்டுவதும் ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்குத் துணையாகப் போவதும். தோட்டியின் வேலை பயிரைக் காப்பதும் விளைச்சலை அளக்க உதவுவதும். மலம் அள்ளுவதைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நகராட்சிகள் உருவாகி, எடுப்புக் கக்கூசுகள் பெருகி, அவற்றைத் துப்புரவு செய்ய ஆட்கள் தேவைப்பட்டபோது, ஊரில் கடைசிப் படியில் இருந்தவர்களின் பெயரை நகரம் எடுத்து அந்த வேலைக்குச் சூட்டியது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதி, சுந்தர ராமசாமி தமிழுக்குக் கொண்டுவந்த 'தோட்டியின் மகன்' நாவலைப் படிக்கிறவர்களுக்குத் தோட்டி என்றால் இந்த ஒரு பொருள்தான் தெரியும். களத்தில் அளவு மரக்காலுக்குப் பக்கத்தில் நின்றவரை மலவாளி சுமக்க வைத்தது சொல்லின் வேர் அல்ல. கூலி மாறியது, வேலை மாறியது, கூலி கொடுத்த கை மாறியது.

அந்தக் களத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயர்களெல்லாம் ஒன்றாகக் கூடிய இடம் அதுதான். அறுத்த கதிர் களத்துக்கு வந்ததும் நெல்லைப் பங்கிடுவதற்கு முன்பே சில பங்குகள் கட்டாக எடுக்கப்பட்டன; தூற்றிப் பொலி கட்டிய பின் சில பங்குகள் அளந்து எடுக்கப்பட்டன. அளவுக்காரர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்று சொல்லித்தான் தொடங்குவார். இரண்டு, மூன்று என்று குரல் போகப்போக, குவியலைச் சுற்றி நிற்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் உரியது பிரிந்துகொண்டே வரும். இந்தப் பங்குகளுக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். விடுதலை என்று இன்று நாம் பொருள் கொள்ளும் சுதந்திரம் என்ற சொல், 200 ஆண்டுகளுக்கு முந்திய வருவாய்க் கணக்குகளில் ஊர்ப்பணிக்கு உரிமையாக வந்த நெல்லைக் குறித்தது. யாரும் தயவு பார்த்துக் கொடுப்பதில்லை, தமக்கே உரியது என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை கம்பெனியின் அளவையாளர் தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து தொகுத்த விவரங்களிலும், அந்தக் காலத்து ஓலைக் கணக்குகளிலும் இந்தப் பங்கீடு ஊர்வாரியாக இருக்கிறது. கணக்கர், தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், கோயில், சத்திரம் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் அளவு உண்டு. தொழிற்பெயர்களுக்கு இதைவிட நல்ல அகராதி நமக்குக் கிடைக்காது.

வேர்ச்சொல்லால் மட்டுமே திறக்கக்கூடிய பெயர்களும் இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். சங்கப் புலவர்களின் பெயர்களோடு ஒட்டி நிற்கும் கூலவாணிகன், அறுவை வாணிகன் போன்றவற்றைக் கூலம் என்றால் தானியம், அறுவை என்றால் துணி என்று தெரிந்த உடனே புரிந்துகொள்ளலாம். அவர்களுக்குக் களக்கணக்கு எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் அதே வரிசையில் வரும் வண்ணக்கன் என்ற பெயரை வேர் மட்டும் பார்த்துப் படித்தால் சாயம் போடுகிறவர் என்றோ ஓவியர் என்றோதான் தோன்றும். அவர் நாணயத்தின் மாற்றுப் பார்த்துச் சொல்கிறவர், பிற்காலத்தில் நோட்டக்காரர் என்று சொல்லப்பட்டவர். உரை மரபு சொல்லியிராவிட்டால் நாம் தவறாகத்தான் பொருள் கொண்டிருப்போம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014 வாக்கில், வெட்டப்பட்ட கல்வெட்டில் ஈரங்கொல்லி என்ற பெயர் வருகிறது. ஈரத்தைக் கொல்பவர் என்று பிரித்துப் பார்த்தால் எதற்கும் பொருந்தும், எதற்கும் பொருந்தாது. அவர் சலவைத் தொழிலாளர் என்பதும், நாவிதம் செய்பவர், தையற்காரர், கன்னார் ஆகியோரோடு கோயிலில் பங்கு பெற்றவர் என்பதும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிகிறது. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்தது; தொழிலுக்கேற்ப ஒரு பங்கும் அதற்குக் கூடுதலும் குறைவுமாகக் கல்லில் பதிந்திருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இந்தப் பங்கீட்டைப் பேசுவது சாதி ஒடுக்குமுறைக்கு மெருகு பூசுவதாகாதா என்பது அந்தக் கேள்வி. அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. அதே இராசராசனின் வரிநீக்கப் பட்டியலில் கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் சுடுகாடும் இருக்கின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் இருக்கிறது. வெட்டி என்ற பெயரே கட்டாய உழைப்பின் பெயர். மராட்டியப் பகுதியில் ஒடுக்கப்பட்ட மகார் மக்களுக்கு ஊர்ப்பணிக்காக விடப்பட்ட வதன் நிலமும் தானியமும் அவர்களை அடிமைப்படுத்தி வைத்திருக்கின்றன என்று சொல்லி, அந்த முறையைத் திருத்த 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் அம்பேத்கர். கொடுக்கிற நெல்லுக்கு அளவு இருந்தும் வாங்குகிற வேலைக்கு வரம்பில்லை, நேரமில்லை, வீட்டில் ஒருவர் முடியாதவரானால் இன்னொருவர் போய் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்காட்டிய கொடுமை. அவரும் கூலியையும் வேலையையும் எதிரெதிரே வைத்துத்தான் வாதாடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒடுக்குமுறை எவ்வளவு என்று சொல்லவும் கணக்குத்தான் வேண்டும். கர்ணத்துக்கு எவ்வளவு, தோட்டிக்கு எவ்வளவு என்று ஒரே ஓலையில் பார்க்கும்போது தெரிகிற ஏற்றத்தாழ்வை எந்தச் சொல்லாராய்ச்சியும் காட்டாது. வேரைத் தேடிப் பெருமை பேசுகிறவர்களிடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அவர்கள் கையில் மரக்கால் இல்லை.

இந்தச் சான்றுகளில் பாதி வெள்ளைக்காரன் எழுதியது, வரி வாங்க வந்தவன் எழுதியதை நம்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வரி வாங்க வந்தவர்கள் என்பதால்தான் களத்தில் முன்கூட்டியே போகும் பங்குகளை அவர்கள் அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்தார்கள். தங்களுக்கு வர வேண்டிய நெல் எங்கே குறைகிறது என்பது அவர்கள் கவலை. நோக்கம் கோணல் என்பதற்காக விவரத்தைத் தள்ளிவிட முடியாது. ஊர்க் கணக்கர் தமிழில் எழுதிய ஓலையோடு அதை ஒப்பிட வேண்டும், அவ்வளவே. அவர்கள் நம் சொற்களைத் திரித்து எழுதியதும் உண்மை. கணக்கப்பிள்ளை அவர்கள் வாயில் கானிகாப்பிலி ஆனார். திரிந்த எழுத்தைத் திருத்திப் படிக்க நமக்குத் தெரியும்.

படியளப்பது எப்படி நின்றது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. தாமஸ் மன்றோ கவர்னராக இருந்த 1820க்குப் பிறகு ரயத்வாரி முறை பரவியபோது வரி ஊரின் பொதுக்களத்திலிருந்து விலகித் தனித்தனிப் பட்டாதாரரின் பணப்பொறுப்பானது. பொதுக்குவியலே இல்லாதபோது பொதுக்குவியலில் எடுத்த மேரை ஒவ்வொரு நிலத்துக்காரரின் மனத்தைப் பொறுத்ததாகிவிட்டது. ஏரிகள் அரசுத் துறையின் கைக்குப் போயின. ஊரார் ஏரியைத் தூர்வாரும் குடிமராமத்து வழக்கம் தளர்ந்தபோது, அதைச் செய்யாதவர்மீது நடவடிக்கை எடுக்க 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. பங்கு போன இடத்தில் கட்டாயம் வந்து உட்கார்ந்தது. 1895ஆம் ஆண்டின் பரம்பரை ஊர்ப்பணிச் சட்டம், ஊர்ப்பணியை இன்னாரின் வாரிசுக்கு என்று எழுதிவைத்தது. வேலைக்கு ஆள் என்றிருந்ததில் எஞ்சியிருந்த நெகிழ்வையும் அது இறுக்கிவிட்டது. அந்த வாரிசுரிமை அரசியல் சட்டத்தின் சமவாய்ப்புக்கு எதிரானது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் ஓர் ஆந்திர வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர் 14 அன்று அவசரச் சட்டத்தின் மூலம் மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்தது. அவர்கள் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தலையாரியும் வெட்டியானும் பிறகு கிராம உதவியாளர் என்ற பெயருக்கு மாறினார்கள். பரம்பரை ஒழிந்தது நல்லது, ஐயமில்லை. நீர்ப்பாய்ச்சிக்கு மட்டும் எந்தச் சட்டமும் மாற்றுப் பதவி தரவில்லை. அவரை யாரும் ஒழிக்கவில்லை, அளப்பதைத்தான் நிறுத்திவிட்டார்கள். பம்புசெட்டு வந்த ஊர்களில் அவர் கணக்குக்குத் தேவையும் குறைந்தது. சில ஏரிப் பாசன ஊர்களில் நிலத்துக்காரர்கள் கூடி இன்றும் அவருக்கு நெல்லோ பணமோ கொடுக்கிறார்கள். அங்கே அந்தப் பெயர் மரியாதையோடுதான் வழங்குகிறது.

ஒரு பெயர் வசையாவதும் மதிப்போடு நிற்பதும் எதைப் பொறுத்தது என்பதற்கு இந்த வேறுபாடே எனக்குப் போதுமான சான்று. ஆகவே அகராதி தொகுப்பவர்களிடமும் ஊர் வரலாறு எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தலையாரி என்ற பெயரை எழுதினால் அது தெலுங்குத் தலாரியோடும் கன்னடத் தளவாரரோடும் உறவுள்ளது என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த வேலைக்கு, எவ்வளவு பங்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். செங்கல்பட்டு ஓலைகளில் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, வருவாய் வாரிய ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கர்ணம் வேலை பார்த்த குடும்பங்களின் பரண்களில் அடங்கல் ஏடும் களக்கணக்கும் இன்னும் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால் கரையானுக்கு விட்டுவிடாமல், படம் எடுத்து ஒரு பிரதியை அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்குக் கொடுங்கள்.